மூக்கு உபகுழுவின் அறிக்கை

எங்கள் ஊரில் மூன்று சபைகள். மணிக்கூண்டு இருப்பது மணிக்கூண்டுச் சபை. சுவருக்குப் பூச்சு இல்லாமல் அப்படியே விட்டது செங்கல் சபை. பழைய கிடங்கு ஒன்றில் நடப்பது தகரச் சபை. மூன்றுக்கும் முழ நீளத்தில் முறையான பெயர்கள் உண்டு; அவற்றைச் சொல்லி வழி கேட்டால் தபால்காரர்கூட முழிப்பார். மூன்றும் ஒரே ஆண்டவரைத்தான் கும்பிடுகின்றன. ஒரே அடுப்பில் மூன்று பேர் சமைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிக்கொண்டிருந்தது.

எப்படியோ மூன்று தலைவர்களுக்கும் ஒரே சமயத்தில் ஒற்றுமை ஆசை வந்தது. மணிக்கூண்டு ஃபாதர், செங்கல் சபை ஆயர், தகரச் சபை பாஸ்டர் மூவரும் உட்கார்ந்து ஐக்கியக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஓய்வு பெற்ற ஒருவர் அதற்குச் செயலாளர் ஆனார். குழு ஒரு மண்டபம் கட்டியது. மண்டபத்துக் கதவுக்கு மூன்று பூட்டு, சபைக்கு ஒரு சாவி. மூன்று சாவியும் வந்து சேர்ந்தால்தான் கதவு திறக்கும். இதற்குப் பெயர்தான் ஐக்கியம் என்று செயலாளர் எனக்கு விளக்கினார். ஒருவரை ஒருவர் நம்பாததற்கு இவ்வளவு அழகான பெயர் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

நான் பெயின்டர். கடைப் பலகை, லாரியின் முதுகு, பள்ளிக்கூடச் சுவர், எதைக் கொடுத்தாலும் வரைவேன். மண்டபத்து மேடைச் சுவர் வெறுமையாக இருக்கிறது, பெரிதாக ஒரு படம் வேண்டும் என்று செயலாளர் கூப்பிட்டபோது உடனே தலையாட்டிவிட்டேன். எனக்கும் காரியம் இருந்தது. என் பெரியண்ணனின் கல்யாணம் அந்த மண்டபத்தில்தான் நடந்தாக வேண்டும்.

பெரியண்ணன் பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவர். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஊர் தூங்கும்போது எழுந்து, ஊர் எழும்போது தூங்கப் போகிறவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கடைசியில் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ் ஒருவர், வேலை முடிந்து போகும் வழியில் சூடாக ரொட்டி வாங்க வந்து வந்து, ரொட்டியைவிட அண்ணனே தேவலை என்று முடிவு செய்துவிட்டார். அந்த நேரத்தில் ஊரில் முழித்திருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான்.

பெண் வீட்டார் தகரச் சபை. நாங்கள் செங்கல் சபை. கிடங்கில் கல்யாணம் வைத்தால் எங்கள் ஆயர் வரமாட்டார்; செங்கல்லில் வைத்தால் அவர்கள் பாஸ்டர் வரமாட்டார். இருவரும் வந்து நிற்கச் சம்மதித்த ஒரே இடம் ஐக்கிய மண்டபம். இதற்குள் அண்ணியாக வரப்போகும் நர்ஸுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. போய்ச் சேர்வதற்குள் கல்யாணம் முடிய வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு அதோடு நின்றுபோகும் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். இது கைவிட்டுப் போனால் அண்ணனுக்கு இன்னொன்று அமையாது. அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவர் அந்த நாட்களில் சுட்ட ரொட்டி பாதி கருகியிருந்தது.

குழு கேட்ட படம் சுவிசேஷத்தில் வரும் ஒரு காட்சி. இயேசு ஒரு வீட்டுக்குள் மக்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். அவருடைய தாயும் சகோதரர்களும் அவரைப் பார்க்க வந்து வெளியே நிற்கிறார்கள்.

"வீடு, வாசல், குடும்பம், எல்லாம் இருக்கு. யார் மனசும் நோகாது," என்றார் செயலாளர். வாழ்நாளெல்லாம் இன்ஷூரன்ஸில் இருந்தவர். ஆபத்து எங்கே இருக்கிறது என்று அவருக்காவது மூக்கில் வியர்த்திருக்க வேண்டும்.

சுவிசேஷத்தில் சகோதரர்கள் நாலு பேர். எங்கள் வீட்டிலும் நாலு பேர். மாடலுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். பெரியண்ணன், எலக்ட்ரீஷியனாக இருக்கும் சின்னண்ணன், மருந்துக்கடையில் நிற்கும் தம்பி மூவரையும் நிற்கவைத்து வரைந்தேன். நாலாவது ஆளுக்குக் கண்ணாடியில் பார்த்து என்னையே வரைந்துகொண்டேன். தாய்க்கு எங்கள் அம்மா நின்றாள். நின்றாள் என்று சொல்லக் கூடாது. "எவ்வளவு நேரம்டா" என்று கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்கினாள்.

படம் முடிந்ததும் மூன்று சாவிகளும் வந்தன. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யார் யாரை மறுத்தாலும் "அன்போடு" என்று ஆரம்பிக்க வேண்டும். அப்படி ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

"அன்போட சொல்றேன்," என்றார் ஆயர். "இந்தப் படம் தப்பு. இவங்க எல்லாரும் அவருக்கு மூத்தவங்க. யோசேப்புக்கு மொதல் தாரத்துல பொறந்த பிள்ளைங்க. இப்படி இளந்தாரிப் பசங்களா வரைஞ்சு வச்சிருக்கே. தாடி நரைக்க வேணாமா?"

"அன்போடு மறுக்கறேன்," என்றார் பாஸ்டர். "இவங்க மரியாள் அவருக்கு அப்புறம் பெத்த பிள்ளைங்க. பச்சைப் பசங்க. இதுக்கே தாடி ஜாஸ்தி. சிரைச்சு விடுப்பா."

ஃபாதர் படத்துக்கு மிக அருகில் போய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தாடி கெடக்கட்டும். அந்தம்மா மூக்கையே நாலு பேருக்கும் ஒட்டி வச்சிருக்கியே, என்ன தைரியம்? அவங்களுக்கு வேற பிள்ளையே கெடையாது. இவங்க பெரியம்மா, சித்தி வீட்டுப் பிள்ளைங்க. மூக்கை மாத்து."

"ஃபாதர், அது எங்க அம்மா மூக்கு. அண்ணன் தம்பி எல்லாரும் நின்னாங்க, அப்படியே வரைஞ்சேன்."

"அதான் தப்பு. பாத்து வரையக் கூடாது. விசுவாசத்தோட வரையணும்."

நான் விசுவாசத்தோடு நாலு தாடிக்கும் வெள்ளை அடித்தேன். பாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, அன்போடு, தன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தாடியை அழித்துக் கன்னத்தை வழவழப்பாக்கினேன். ஆயர் போய்விட்டார். மூக்கை மாற்றினேன், நாலு பேரும் யாரோ வழிப்போக்கர்கள் மாதிரி ஆனார்கள், ஃபாதரைத் தவிர இரண்டு பேரும் போய்விட்டார்கள். கதவு பூட்டிக் கிடந்த நாட்களில் நான் படியில் உட்கார்ந்து பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தேன். பெரியண்ணன் வேலைக்குப் போகும் வழியில் வந்து, "முடிஞ்சுதாடா?" என்று கேட்பார். "இன்னும் கொஞ்சம் மூக்கு பாக்கி," என்பேன்.

செயலாளருக்கு ஒரு யோசனை வந்தது. சபைக்கு ஒரு சகோதரர். ஒருவருக்கு நரைத்த தாடி, ஒருவருக்கு மழமழவென்ற முகம், ஒருவருக்கு வேறு மூக்கு. மூவரும் முகம் மலர்ந்தார்கள். அன்போடு கைகுலுக்கிக்கொண்டார்கள். அப்போதுதான் பாஸ்டர் கேட்டார்: "நாலாவது ஆள் யாருக்கு?"

அந்தக் கூட்டம் அடித்துக்கொள்ளாமல் முடிந்ததே பெரிய காரியம். நாலாவது ஆள் நான் என்பதால் எனக்கும் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது. அவர் முன்னால் ஒரு தூண் வரைந்து மறைத்தேன். தூணுக்குப் பின்னால் இருப்பவர் கிழவரா வாலிபரா என்று கேட்டார்கள். நாலு பேர் தலையிலும் துண்டைப் போட்டு முகத்தை மூடினேன். துண்டுக்கு வெளியே தெரியும் கை சுருங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். நாலு பேரையும் திருப்பி நிறுத்தி வெறும் முதுகை வரைந்தேன். முதுகு கூனியிருந்தால் மூத்தவன், நிமிர்ந்திருந்தால் இளையவன் என்று ஆயர் வகுப்பே எடுத்தார்.

"எனக்குக் கூடப்பொறந்தவங்க ஆறு பேரு," என்றார் ஆயர். "வீட்டைப் பிரிச்ச தகராறுல ஆறு பேர்கிட்டயும் நான் பேசறதில்ல. சகோதரன்னா என்னன்னு எனக்கா நீங்க சொல்லித் தர்றீங்க?"

"நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை," என்றார் பாஸ்டர். "அதனால எனக்குப் பாரபட்சமே கெடையாது."

"எனக்குக் குடும்பமே கெடையாது," என்றார் ஃபாதர். "குடும்பத்தைப் பத்தி அமைதியா உக்காந்து யோசிக்க எனக்கு மட்டுந்தான் நேரம் இருக்கு."

எனக்கு அங்கேதான் வாய் சும்மா இருக்காமல் போயிற்று. கல்யாண நாள் நெருங்குகிற பதற்றம் வேறு. ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னேன்: "ஐயா, எங்க வீட்டுலயே நாலு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க இல்ல. யாரு எதுன்னு நாங்க யோசிச்சதே இல்ல. ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்தோம். அந்த வீட்டுலயும் அப்படித்தான் இருந்திருக்கும். இதுக்குப் போய் ஏன்யா அடிச்சுக்கறீங்க?"

சமாதானம் செய்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் நான் பெருமைப்பட்டேன். மூவரும் படத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"ஒரே வயித்துல பொறக்கலியா?" என்றார் ஃபாதர் மெதுவாக. "அப்ப கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் பக்கத்துல சகோதரன்னு யாரு நிக்கப் போறாங்க? பெரியம்மா பிள்ளை நின்னா, அது என் கட்சி. எனக்கு சந்தோஷம்."

"எனக்கு சந்தோஷம் இல்ல," என்றார் பாஸ்டர். "மொதல் வரிசையில அம்மா நாற்காலியில யாரு உக்காருவாங்க? பெத்தவங்களா? இல்ல ரெண்டாந்தாரமா?"

"ரெண்டாந்தாரமா இருந்தா நான் ஜெயிச்சேன்," என்றார் ஆயர்.

இந்த மண்டபத்தில் நடக்கும் முதல் கல்யாணம் இது. மேடையில் யார் எந்த உறவாக நிற்கிறார்களோ அதை மூன்று சபையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நாளைக்கு யாராவது கல்யாண போட்டோவைக் காட்டி வாதாடுவார்கள். ஆகவே என் வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்று தீரும்வரை கல்யாணம் இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். அதுவரை குழு போட்ட தீர்மானங்களிலேயே ஒருவர்கூட அன்போடு மறுக்காதது இது ஒன்றுதான்.

எங்கள் வீட்டு உண்மை சிக்கலானதே இல்லை. பெரியண்ணன் அப்பாவின் முதல் தாரத்துப் பிள்ளை. அந்தம்மா அவரைப் பெற்ற சில நாட்களிலேயே போய்விட்டார். அம்மா இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டு வந்தபோது சும்மா வரவில்லை. செத்துப்போன அக்காவின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள், அதுதான் சின்னண்ணன். அதற்குப் பிறகு அம்மா வலியெடுத்துப் பெற்றது முதலில் என்னை, அப்புறம் தம்பியை. அதெல்லாம் வேறு ஊரில் நடந்தது. இந்த ஊருக்கு வந்தபோது நாங்கள் நாலு பையன்கள், ஒரு அம்மா, சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு அப்பா. யாரும் எதையும் கேட்கவில்லை. அம்மாவும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. பெரியண்ணனுக்கும் அம்மா மூக்கையே நான் வரைந்துவைத்தது வெறும் பழக்கதோஷம்.

அதாவது பெரியண்ணன் உண்மையைச் சொன்னால் அம்மா நாற்காலி விஷயத்தில் ஆயருக்கு வெற்றி. சின்னண்ணன் உண்மையைச் சொன்னால் ஃபாதருக்கு வெற்றி. நானும் தம்பியும் சொன்னால் பாஸ்டருக்கு. யார் ஜெயித்தாலும் மற்ற இருவரும் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

விசாரிப்பதற்கு உபகுழு அமைத்தார்கள். மணிக்கூண்டுச் சபையிலிருந்து ஒரு டெய்லர். அளவெடுக்கத் தெரியும் என்பதால். செங்கல் சபையிலிருந்து மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். ஊரிலுள்ள மூக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. தகரச் சபையிலிருந்து மாட்டாஸ்பத்திரி உதவியாளர். எந்தக் கன்று எந்தப் பசுவுக்கு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாராம். ஊர் அதற்கு மூக்கு உபகுழு என்று பெயர் வைத்துவிட்டது. கடைசியில் அவர்களே அப்படித்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

மூவரும் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். ஜெபம் பண்ண வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அம்மா டீ போட்டாள். கண்ணாடிக் கடைக்காரர் டீயைக் குடிக்காமல் அம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லர் சின்னண்ணனின் காதிலிருந்து தாடைவரை டேப்பை வைத்து அளந்தார். மாட்டாஸ்பத்திரிக்காரர் தம்பியின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்கப் போனார், தம்பி பின்வாங்கிவிட்டான்.

"அம்மா, இந்த நாலு பேருல உங்க பிள்ளைங்க யாரு?" என்று கேட்டார் டெய்லர்.

"இதென்னய்யா கேள்வி? நாலும் என் பசங்கதான்."

"அது சரிம்மா. பெத்தது எத்தனை?"

"பெத்ததுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? நீங்களா பிரசவம் பாத்தீங்க? டீ ஆறுது, குடிங்க."

தாய் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக்கொண்டு கிளம்பினார்கள். டீயை மட்டும் மூவரும் மிச்சம் வைக்கவில்லை.

நான் அன்று மண்டபத்துக்குப் போய் ஏணியில் ஏறினேன். கோபத்தில் என்ன வரைகிறோம் என்றே தெரியவில்லை. சுவிசேஷத்தில் பார்க்க வந்தவர்கள் வெளியேதானே நிற்கிறார்கள்? வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு அவர்கள் தெரிய வேண்டிய அவசியம் என்ன? நாலு முதுகையும் அழித்தேன். அம்மாவையும் அழித்தேன். சுவர் முழுக்க ஒரு கதவை வரைந்தேன். சாத்தின கதவு. நல்ல மரக் கதவு, தாழ்ப்பாளோடு. வேண்டுமென்றே குத்தலாகத்தான் வரைந்தேன். வேலையிலிருந்து துரத்தினால் துரத்தட்டும் என்று இருந்தது.

கடைசிக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். வாசலுக்கு வந்ததும் பெயின்டர் மட்டும் உள்ளே வரலாம், மற்றவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்கட்டும் என்றார் செயலாளர். அம்மாவையும் மூவரையும் வெயிலில் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

மூவரும் கதவுப் படத்தின் முன்னால் நின்றிருந்தார்கள். திட்டு விழும் என்று நான் காத்திருந்தேன்.

"எனக்கு அன்பான மறுப்பு எதுவும் இல்ல," என்றார் ஆயர்.

"எனக்கும் இல்ல. ரொம்ப ஆழமா இருக்கு," என்றார் பாஸ்டர்.

ஃபாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல மூணு சபையும் மனசார ஒத்துக்கற ஒரு படத்தை நான் பாத்ததே இல்ல. ஒரே ஒரு திருத்தம். கதவுக்கு மூணு பூட்டு போட்டுடு."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அப்போது காவலாளி தலையை நீட்டினார். "ஐயா, பெயின்டரோட அம்மாவும் அண்ணன் தம்பிங்களும் வெளிய நிக்கிறாங்க. இவரைப் பாக்கணுமாம்."

"நிக்கட்டும்யா," என்றார் செயலாளர் எரிச்சலாக. "இங்க குடும்பத்தைப் பத்தி முக்கியமா பேசிட்டிருக்கோம்."

மூன்று தலைவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எத்தனையோ கூட்டம் அந்த ஒரு காட்சிக்காகவே மண்டையை உடைத்துக்கொண்டவர்கள். ஒருவருக்காவது சுருக்கென்று இருக்கும் என்று பார்த்தேன். ஃபாதர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். வெளியே பேச்சுச் சத்தமாம்.

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து அறிக்கையைப் படித்தார். "மூத்தவர்: நெற்றியைச் சுருக்குவது, கோபம் வந்தால் காதைச் சொறிவது, 'என்ன?' என்று கேட்கும் தொனி, எல்லாவற்றிலும் தாயை உரித்து வைத்திருக்கிறார். ஐயத்துக்கு இடமின்றிப் பெற்ற பிள்ளை. எலக்ட்ரீஷியன்: நடையும் சிரிப்பும் தாயுடையவை. பெற்ற பிள்ளை. மருந்துக்கடைக்காரர்: மூக்குத் துவாரம் ஒத்துப்போகிறது. பெற்ற பிள்ளை. பெயின்டர்: எதிலும் சேரவில்லை. மூக்கில் பெயின்ட் படிந்திருந்ததால் சரியாக அளக்கவும் முடியவில்லை. தாயின் அக்கா மகனாக இருக்கலாம். குடும்பத்தில் வெளியிலிருந்து வந்தவர் இவர் ஒருவரே என்று உபகுழு ஒருமனதாகக் கருதுகிறது."

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று பேர் முகத்தையும் பார்த்தேன், சிரிப்பு அடங்கிவிட்டது. மூவருக்கும் அப்படி ஒரு நிம்மதி. பெற்ற தாய் நாற்காலியில் உட்காருவாள். பெற்ற பிள்ளைகள் மாப்பிள்ளை பக்கத்தில் நிற்பார்கள். யாருடைய கட்சிக்கும் ஒரு கீறல் இல்லை. அக்கா மகனை உறவினர் வரிசையில் உட்காரவைத்துவிட்டால் தீர்ந்தது.

"பெயின்டரே, ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார் செயலாளர். "இருந்தா சொல்லுங்க. தப்பே இல்ல. மொதல்லேர்ந்து ஆரம்பிச்சுடலாம்."

அம்மாவுக்கு நான்தான் முதல் பிள்ளை என்று வாய்வரை வந்தது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் பெரியண்ணன் யார் பிள்ளை என்ற கேள்வி உடனே வரும். ஆயர் துள்ளுவார், சாவிகள் கிளம்பும். அண்ணி தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் போவார். அண்ணன் மறுபடியும் தனியாக அந்த அடுப்பின் முன்னால் நிற்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லீங்க," என்றேன். கையில் பெயின்ட் ஒட்டியிருக்கிற மாதிரி சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஆனால் அன்று நான் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே இல்லை.

வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, கல்யாணத்துக்குத் தடை இல்லை என்று மட்டும் சொன்னேன். பெரியண்ணன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சட்டையெல்லாம் மாவு. "எப்படிடா ஒத்துக்கிட்டாங்க?" என்று சின்னண்ணன் துருவித் துருவிக் கேட்டான். பூட்டு வரைந்தேன் என்றேன்.

கல்யாணத்தன்று மூன்று சாவியும் நேரத்துக்கு வந்தன. மேடையில் என் கதவு, மூன்று பூட்டோடு, பிரமாதமாக இருந்தது. அண்ணனுக்குப் பக்கத்தில் சின்னண்ணனும் தம்பியும் நின்றார்கள். நான் மூன்றாவது வரிசையில், அண்ணியின் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு நடுவில் இருந்தேன். பக்கத்திலிருந்த கம்பவுண்டர், "நீங்க மாப்பிள்ளைக்குத் தூரத்து உறவா?" என்று கேட்டார். பாதி தூரம் என்றேன்.

அம்மா முதல் வரிசை நாற்காலியிலிருந்து இரண்டு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது தடவை செயலாளரைக் கூப்பிட்டு என்னவோ கேட்டாள். அவர் குனிந்து, சிரித்த முகத்தோடு, விளக்கமாகச் சொன்னார். அம்மாவின் நெற்றி சுருங்கியது. கை காதுக்குப் போனது. அதற்குமேல் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஆயர் பாதி நடத்தினார், பாஸ்டர் மீதி நடத்தினார், ஃபாதர் பொதுவாக ஆசீர்வதித்தார். மோதிரம் மாற்றி, கையெழுத்தும் ஆயிற்று. இனி யாராலும் கலைக்க முடியாது. போட்டோகிராபர், "குடும்பத்துக்காரங்க மட்டும் மேடைக்கு வாங்க," என்றார். அம்மா மேலே ஏறி நடுவில் நின்றாள். போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இருப்பா. இன்னும் ஒருத்தன் வரணும்."

"அம்மா," என்று செயலாளர் ஓடி வந்தார். "அவரு உறவினர் வரிசை. தீர்மானம் ஆயிருக்கு."

"அவன் எங்க அக்கா பையன்னு எழுதியிருக்கீங்களாமே?"

"ஆமாம்மா. ஒருமனதா."

"சரி, அப்படியே இருக்கட்டும். அக்கா பையனை எப்படி வளக்கறதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம்." அம்மா பக்கத்தில் நின்ற சின்னண்ணன் தோளில் தன்பாட்டுக்குக் கையைப் போட்டுக்கொண்டாள். "டேய்! அங்க என்னடா ஊர்க்காரன் மாதிரி உக்காந்திருக்கே? வா மேல!"

நான் எழுந்து போனேன். ஃபாதர் சின்னண்ணன் தோளிலிருந்த அம்மாவின் கையைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "அன்போட ஒரு சந்தேகம்," என்று ஆரம்பித்தார். ஆயரும் பாஸ்டரும் இரண்டு பக்கமும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணாடிக் கடைக்காரர் மேடைக்குக் கீழே நின்று மறுபடியும் எங்கள் மூக்குகளை எண்ண ஆரம்பித்தார். நாங்கள் அதற்குள் வரிசையாக நின்றுவிட்டோம். பெரியண்ணனுக்கும் எனக்கும் நடுவில் அம்மா.

அம்மா கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், என் முழங்கைக்கு மேலே சதையைப் பிடித்தாள்.

"ஆட்சேபணை இல்லேன்னு சொன்னியாமே?"

"அண்ணன் கல்யாணம்மா..."

"அதுக்கு? ராவும் பகலும் வலி பட்டுப் பெத்தவ நான் வெளிய வெயில்ல நிக்கிறேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?" கிள்ளல் இறுகியது.

"விடும்மா, போட்டோ எடுக்கறாங்க," என்றார் பெரியண்ணன் தாழ்ந்த குரலில்.

"நீ வாய மூடு. தம்பி எங்க உக்காந்திருக்கான்னு மாப்பிள்ளைக்குத் தெரியாதோ?" அம்மாவின் இன்னொரு கை அவர் பக்கம் போனது.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் "ஆ" என்றோம். போட்டோகிராபர் அப்போது பார்த்துத்தான் அழுத்தினார்.

"நல்லா வந்துச்சா தம்பி?" என்று அம்மா அவரைக் கேட்டாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "மருமக ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வாங்க. ரெண்டு பேருக்கும் இருக்கு."